செக்கிங் டேபிள் தோழிகளுக்கும் இன்னும் சிலருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். எனக்குப் பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு இருக்கிறது. பிசிஓடி, நீர்க்கட்டி என்றெல்லாம் ஊரில் சொல்வது இதைத்தான். இப்போது மாதவிடாய் ஓரளவு ஒழுங்காக வருகிறது, உடம்பிலும் தெம்பு இருக்கிறது. அதற்குக் காரணமானவர்களிடம் நேரில் சொல்லப் போனால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் பார்லர் அக்காவுக்கு. புருவம் திருத்த வரும்போதெல்லாம் தாடை முடியையும் எடுத்துவிடச் சொல்வேன். ஒரு நாள் நீங்கள் நூலைக் கீழே வைத்துவிட்டு, என் பின்கழுத்துக் கறுப்பைத் தொட்டுப் பார்த்து, "கண்ணு, மாசாமாசம் சரியா வருதா?" என்று பக்கத்து நாற்காலிக்குக் கேட்காதபடி கேட்டீர்கள். அந்தக் கறுப்புக்கு ஒரு ப்ளீச் போட்டுக் காசு வாங்கியிருக்கலாம். டாக்டரைப் பார் என்று அனுப்பி வைத்தீர்கள்.

டாக்டரம்மா, வேறோர் இடத்தில் "எடையைக் குறைச்சுட்டு வா" என்ற ஒரு வரியோடு என்னை அனுப்பியிருந்தார்கள். நீங்கள் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினீர்கள். இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்காதபோது கணையம் அதை இன்னும் கூடுதலாகச் சுரக்கிறது. அந்த மிகுதி இன்சுலின் சினைப்பையை ஆண் ஹார்மோனை அதிகம் சுரக்க வைக்கிறது. தாடை முடியும் முகப்பருவும் அதனால் வருகின்றன, கருமுட்டையும் முதிராமல் நின்றுவிடுகிறது. ஸ்கேனில் தெரிந்த சின்னச் சின்ன வட்டங்கள் அப்படிப் பாதியில் நின்ற முட்டைப் பைகள்தான், அறுத்து எடுக்கிற கட்டிகள் இல்லை என்று கேட்டதும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. தைராய்டு பார்த்தீர்கள். குளுக்கோஸ் குடிக்க வைத்து 2 மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்த்தீர்கள். 3 மாதத்துக்கு மேல் தள்ளிப்போனால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும், சும்மா இருந்துவிடாதே என்றீர்கள். இந்த ஒன்றை நான் பார்க்கிற பெண்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நோய் அடியோடு போய்விடும் என்று பொய் நம்பிக்கை தராததற்கும் நன்றி.

எந்த டயட் நல்லது என்று கேட்டேன். இதுதான் உசத்தி என்று எதுவும் கிடையாது, 2023-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலும் அப்படித்தான் சொல்கிறது, வருஷக்கணக்கில் உன்னால் எதைச் சாப்பிட முடியுமோ அதைப் பார் என்றீர்கள். சரி, ஒன்றரை ஷிஃப்ட் பார்க்கிறவளால் எது முடியும்? காலையில் டீயும் பன்னும், சாயங்காலம் டீயும் வடையும், ராத்திரி வீட்டுக்குப் போய்ப் பசி வெறியில் ஒரு தட்டு வெள்ளைச் சோறு. இதை நான் தனியாளாக மாற்றியிருக்கவே முடியாது.

மாற்றியது நீங்கள்தான், டேபிள் தோழிகளே. நான் வாயைத் திறந்த பிறகுதான் நம்மில் இன்னும் இரண்டு பேருக்கும் இதே கதை என்று தெரிந்தது. உலகத்தில் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருத்திக்கு இது இருக்கிறதாம். அதில் 70 சதவீதம் வரை கண்டுபிடிக்கப்படாமலே போகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே டேபிளில் பிசிர் வெட்டிக்கொண்டு, ஒருத்தி கதை இன்னொருத்திக்குத் தெரியாமல் நாமும் அப்படித்தானே இருந்தோம்! அடுத்த வாரமே முறை போட்டுவிட்டீர்கள். ஒரு நாள் கொள்ளுச் சுண்டல், ஒரு நாள் அவித்த நிலக்கடலை, ஒரு நாள் பச்சைப்பயறு. மதியம் டிபனைத் திறந்ததும் முதலில் பொரியல், அப்புறம் முட்டையோ பருப்போ, கடைசியில்தான் சோறு. இப்படி வரிசை மாற்றிச் சாப்பிட்டால் சர்க்கரை சட்டென்று ஏறாது. இந்த நோயே இல்லாதவர்களும் பன்னை விட்டீர்கள், சர்க்கரை போடாத டீ குடித்தீர்கள். என்னை மட்டும் பத்தியக்காரியாக ஓர் ஓரத்தில் உட்கார வைக்கவில்லை. மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டேன், உண்மைதான். ஆனால் மாத்திரை போடும் நேரத்தை நினைவுபடுத்தியதும் நீங்கள்தானே.

என் அம்மாவைப் பெற்ற காங்கயத்து அமுச்சிக்கு, கம்பஞ்சோற்றுக்கும் மோருக்கும் நன்றி. ராகிக் கூழானாலும் சொம்பு சொம்பாகக் குடித்தால் சர்க்கரை ஏறும், கருப்பட்டியும் சர்க்கரைதான் என்று நான் சொன்னபோது உனக்கு முகம் வாடிப்போனது. ஆனாலும் அடுத்த முறை உளுந்தங்களி கிண்டும்போது கருப்பட்டியைக் கால்வாசிதான் போட்டாய். உன் வயதில் கைப்பக்குவத்தை மாற்றிக்கொள்வது லேசான காரியமா?

அத்தை, கல்யாண வீட்டில் "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று ஒருவர் என்னைக் கேட்டார். நீங்கள் முந்திக்கொண்டு, "எங்க புள்ள நல்லா இருக்கறா, அது போதுங்க" என்று சொல்லி என்னைப் பந்திக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். இந்த நோயோடு மனச்சோர்வும் சேர்ந்து வரலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அன்றைக்கு அது என்னை அண்டவில்லை. குழந்தை பற்றி இந்த மடலில் எழுதப்போவதில்லை. நான் நன்றாக இருப்பதே நன்றி சொல்லப் போதுமான காரணம் என்று உங்களிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

கடைசியாக சூப்பர்வைசர் அண்ணாவுக்கு. டெஸ்ட் எடுக்கப் போனபோதெல்லாம் என்ன ஏது என்று துருவாமல் அரை நாள் லீவு கொடுத்தீர்கள். இப்போது அயனிங்கில் வேலை பார்க்கும் தங்கச்சி ஒருத்தியும் நம் டேபிளுக்குச் சாப்பிட வருகிறாள். அவளுக்கு நாலு மாதமாக வரவில்லை. வியாழக்கிழமை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போகிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் அன்று அரை நாள் வேண்டும், அண்ணா.