பாதி மாத்திரை

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்புள்ள குமரா,

கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்ததில் ரொம்பச் சந்தோஷம். பெயரை மட்டும் நம் வாயில் நுழைகிற மாதிரி வைக்கச் சொல்.

தூக்க மாத்திரையை வருகிற திங்களோடு தலைமுழுகப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாமடா. நான் அதைச் செய்து பார்த்தவன்.

பார்வதி போன பிறகு எனக்குத் தூக்கமே இல்லை. இங்கே ஒரு கிளினிக்கில் அல்பிரஸோலம் 0.5 மில்லிகிராம் கொடுத்தார்கள். சின்னப் பிளாஸ்டிக் உறை, மேலே பேனாவில் மலாயில் 'மாலாம் 1 பிஜி', ராத்திரி ஒன்று. எத்தனை நாளைக்கு என்று அவர்களும் சொல்லவில்லை, முப்பது வருஷம் மருந்துக்கடையில் வேலை பார்த்த நானும் கேட்கவில்லை. முதல் வாரம் சொர்க்கம். மூன்றாம் மாதம் ஒன்று பத்தாமல் இரண்டானது. மூளையின் படபடப்பை அடக்குகிற காபா என்கிற ரசாயனத்துக்கு இந்த மாத்திரை முட்டுக் கொடுக்கிறது. நாளாக ஆக, முட்டுக் கொடுத்ததை உருவினால் கூரை சரியும்.

ஒருநாள் ரோஷம் வந்து நிறுத்தினேன். இரண்டாம் இரவு கோப்பிக் கோப்பை தட்டில் டகடகவென்று ஆடியது. மருத்துவமனையில் நன்றாகத் திட்டு வாங்கினேன். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாமாம். இப்போது உடம்பில் அதிக நேரம் தங்குகிற டயஸபாமுக்கு மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். ஐந்து மாதம் ஆகிறது. ராத்திரி பிளேடால் மாத்திரையைப் பாதியாக வெட்டுவேன். மேசையில் சிந்திய தூளை அன்றைக்கு விரல் தானாகவே ஒற்றி நாக்கில் வைத்தது. அப்போதுதான் எனக்கே உறைத்தது.

போதைக்காக எரிமின் 5 மாத்திரை போடுகிற பையன்களை 'உருப்படாததுகள்' என்போமே, ஞாபகம் இருக்கிறதா? அதுவும் இதுவும் ஒரே பென்சோடையஸபைன் குடும்பம். 1960இல் லிப்ரியம், 1963இல் வேலியம் என்று வந்தபோது, பழைய தூக்க மருந்துகளான பார்பிச்சுரேட்டுகளைவிட ஆபத்து குறைவு என்றுதான் கொண்டாடினார்கள். தனியாகப் போட்டால் குறைவுதான். உன் சாயங்கால பீரோடு சேர்ந்தால் மூச்சையே அமுக்கிவிடும். இதில் பேரம் கிடையாது, பீரை இன்றைக்கே விடு.

திங்கட்கிழமை டாக்டரிடம் போ. தங்கச்சியின் மாத்திரைப் பொட்டலத்திலிருந்து நீ எடுத்துப் போட்டதையும் மறைக்காமல் சொல்.

அப்புறம், தைப்பூசத்துக்கு வருகிறாய்தானே? மாடி அறையைக் கூட்டி வைக்கிறேன். நடுராத்திரி மூன்று மணிக்கு யாராவது உலாத்தினால் திருடன் என்று கத்தாதே, நான்தான்.

உன்,
முத்து