கூத்தை இரண்டு மணி நேரத்துக்குள் அடைக்காதீர்கள்: திரௌபதி அம்மன் கோயில் விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய விழாக் குழுவினருக்கும் தர்மகர்த்தாக்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

தை அறுவடை முடிந்ததும் நம் வடமாவட்டங்களில் மகாபாரதக் கதையைச் சொல்லியும் ஆடியும் நடத்தும் பாரத விழாவுக்கான பேச்சு தொடங்கிவிடும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், ராணிப்பேட்டை, வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் என்று எந்தப் பக்கம் போனாலும், பங்குனியிலிருந்து ஆடி வரை ஏதாவது ஓர் ஊரில் திரௌபதி அம்மனுக்குக் கொடி ஏறியிருக்கும். வீட்டு வரி போட்டு, நோட்டீஸ் அடித்து, தெருக்கூத்து ஆடும் குழுவான ஜமாவுக்குத் தாம்பூலம் வைத்து, தீமிதிக்கு விறகு சேர்த்து இந்த விழாவை நடத்தி முடிப்பது எவ்வளவு பெரிய பாடு என்பதை அறிவேன். கூத்து இன்றுவரை உயிரோடு இருப்பது பெரும்பாலும் உங்கள் ஊர் வரிப்பணத்தால்தான். அதனால்தான் இந்த மடலை எந்த அரசுத் துறைக்கும் அனுப்பாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

சில ஆண்டுகளாக விழா நோட்டீஸ்களைக் கவனித்து வருகிறேன். பத்து இரவு கூத்து நடந்த ஊரில் அது ஐந்தாகிறது. ஐந்து இரவு நடந்த ஊரில் மூன்றாகிறது. மற்ற இரவுகளில் இன்னிசைக் கச்சேரி, பட்டிமன்றம், ஆடல் பாடல். மிஞ்சிய கூத்துக்கும், ‘கச்சேரி முடிந்த பின் இரண்டு மணி நேரம்’ என்று அளந்து கொடுக்கிறார்கள். இந்த ஆண்டு தாம்பூலம் வைப்பதற்கு முன் இதை மறுபடி யோசியுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

பாரத விழாவில் கூத்து தனியாக நிற்கும் நிகழ்ச்சி இல்லை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பிற்பகலில் பிரசங்கியார் வில்லிபாரதப் பாட்டை வாசித்துப் பொருள் சொல்வார். காதால் கேட்ட கதை இரவில் கூத்தாடும் இடமான களரிக்கு வேஷம் கட்டி வரும். வில் வளைப்பு, ராஜசூயம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு வதம், கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று இரவுக்கு இரவு கதை நகரும். பதினெட்டாம் போர் விடிந்தால், மண்ணில் செய்த துரியோதனன் விழும் படுகளம். படுகளத்தில் அம்மன் கூந்தல் முடித்த பிறகே தீமிதி. இந்த வரிசையின் நடுவிலிருந்து நாலு இரவை உருவிவிட்டால் என்ன மிஞ்சும்? திரௌபதி எதற்காகக் கூந்தலை விரித்தாள் என்பதைப் பார்க்காத பிள்ளை, அவள் அதை முடிவதை மட்டும் பார்க்கிறது. தீமிதியின் நெருப்பு அப்போது அந்தப் பிள்ளைக்கு வெறும் நெருப்புதான்.

இரவுகளைக் குறைப்பதைவிட எனக்கு அதிக வருத்தம் தருவது, ஓர் இரவின் கூத்தை இரண்டு மணி நேரத்துக்குள் அடைப்பது. அப்படிச் சொன்னதும் ஜமாவின் வாத்தியார் முதலில் எதைக் கைவிடுவார் தெரியுமா? திரைப் பிரவேசத்தை. இரண்டு பேர் துணியைப் பிடித்து நிற்க, அதன் பின்னாலிருந்து துரியோதனன் விருத்தம் பாடத் தொடங்குவான். முகம் தெரியாது. கிரீடத்தின் நுனி மட்டும் துணிக்கு மேல் அசையும். முகவீணை என்ற சிறு குழல் அவன் குரலைத் தொட்டுக்கொண்டே மேலே ஏறும். பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கிப் பாடுவார்கள். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் குறுக்கே புகுந்து ‘யாரப்பா நீ?’ என்று கேட்டுச் சிரிக்க வைப்பான். திரை விலகும்போது அரிதாரமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கண்ணாடிச் சில்லுமாக ஒரு பேருருவம் சுழன்றுகொண்டு வெளியே வரும். ஐந்தரை அடி விவசாயக் கூலி ஒருவர் அஸ்தினாபுரத்து ராஜா ஆவது அந்த அரை மணி நேரத்தில்தான். அதை வெட்டிவிட்டு நேராக வசனத்துக்கு வந்தால், களரியில் நிற்பவர் வேஷம் போட்ட மனிதர் மட்டுமே.

துகில் இரவை எடுத்துக்கொள்ளுங்கள். துச்சாதனன் வேஷக்காரர் திரௌபதியின் சேலையில் கை வைப்பதற்கு முன் ஆட்டத்தை நிறுத்துவார். வேஷத்திலிருந்து வெளியே வந்து, கற்பூரம் ஏற்றி, ‘தாயே, வயிற்றுப் பிழைப்புக்காக உன்னைத் தொடுகிறேன், குற்றம் பொறுத்துக்கொள்’ என்ற பொருளில் பாடி விழுந்து கும்பிடுவார். சபையில் உட்கார்ந்திருக்கும் பெண்களும் அப்போது கைகூப்புவார்கள். சில இரவுகளில் பெண் வேஷக்காரருக்கே அருள் வந்துவிடும். பின்பாட்டுக்காரர்கள் எழுந்து தாங்கிப் பிடிப்பார்கள். ஒரு பெண்ணை அவையில் அவமதிக்கும் காட்சியை ஓர் ஊர் இத்தனை நடுக்கத்தோடு நடத்துகிறது என்றால், அது எத்தனை தலைமுறை யோசித்துச் சேர்த்த ஒழுங்கு! ‘சீக்கிரம் முடியுங்கள்’ என்று மேடையருகே நின்று கையசைக்கும்போது அந்தக் கற்பூரம்தான் அணைகிறது. நேரமில்லை என்பதற்காக அந்தக் கும்பிடு இல்லாமலே சேலையை இழுத்து முடித்த கூத்தை நான் பார்த்திருக்கிறேன். ஊரின் பெயர் வேண்டாம். ஆனால் அன்று கூசிப்போனேன்.

அர்ச்சுனன் தபசும் அப்படித்தான். நட்டு வைத்த பனைமரத்தில் படிக்கொரு பாட்டாகப் பாடிக்கொண்டு ஏறுவதுதான் அங்கே கூத்து. கீழே பிள்ளை வரம் கேட்டுக் காத்திருக்கும் பெண்கள், உச்சியிலிருந்து விழும் எலுமிச்சம்பழத்துக்கும் விபூதிக்கும் முந்தானை ஏந்தியிருப்பார்கள். அவர்களில் யாரும் ஏறுகிறவரை அவசரப்படுத்த மாட்டார்கள்.

‘இந்தக் காலத்தில் விடிய விடிய யார் உட்காருகிறார்கள்?’ என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் நீங்கள் வைக்கும் வரிசையைப் பாருங்கள். எட்டு மணிக்குச் சினிமாப் பாட்டுக் கச்சேரி. பெரிய பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகள் மூன்று மணி நேரம் நெஞ்சை அதிர வைத்த பிறகு, காது மரத்துப்போன கூட்டம் பாயைச் சுருட்டும் நேரத்தில் மத்தளம் கட்டச் சொல்கிறீர்கள். அந்த நேரத்தில் எந்தக் கலைக்கும் ஆள் இருக்காது. கூத்து நடக்கும் இரவில் வேறு எதுவும் வேண்டாம். சாப்பாட்டு நேரம் கழிந்ததும் களரி கட்டச் சொல்லுங்கள். பிள்ளைகள் விழித்திருக்கும்போதே கட்டியங்காரன் வந்துவிட வேண்டும். அவனைப் பார்த்துச் சிரித்த பிள்ளை அவ்வளவு எளிதில் தூங்காது. கச்சேரி வேண்டும் என்று இளைஞர்கள் கேட்டால், அதற்குத் தனியாக ஓர் இரவை ஒதுக்குங்கள். எனக்கு அதில் எந்த மனத்தாங்கலும் இல்லை.

ஒலிபெருக்கி விதி ஒரு தடை என்பதும் உண்மை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கிறது. விழாக் காலங்களில் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் போகாமல். எல்லா நிகழ்ச்சியையும் ஒரே மனுவில் போட்டு, கடைசி வாரத்தில் காவல் நிலையத்துக்கு ஓடுவதால் கூத்தும் ஆடல் பாடலோடு சேர்ந்து மறுக்கப்படுகிறது. கூத்துக்கென்று தனியாக, முன்கூட்டியே, எந்த இரவில் எந்தக் கதை என்று எழுதிக் கொடுங்கள். ஒலியையும் களரியைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்குப் போதுமான அளவில் வையுங்கள். மைக் வருவதற்கு முன்பே பிறந்த கலை இது. அந்த உச்சக் குரலும் முகவீணையின் கூர்மையும் வெட்டவெளியில் கேட்பதற்காகவே அமைந்தவை. ஊர் முழுக்கக் கட்டும் ஒலிபெருக்கிக் குழாயில் அந்தக் குரல் கிழிந்துபோகிறது.

அன்பளிப்பு அறிவிப்பைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். அபிமன்யுவை இழந்து சுபத்திரை புலம்பும்போது ஆட்டத்தை நிறுத்தி, இன்னார் நூறு ரூபாய், இன்னார் பேரன் பிறந்த மகிழ்ச்சியில் ஐந்நூறு ரூபாய் என்று வாசிக்கச் சொல்கிறார்கள். கலைஞருக்குப் பணம் கொடுப்பது நல்ல வழக்கம். அது நிற்கக் கூடாது. பெயர்களைச் சேர்த்து வைத்து, ஒரு வேஷம் போய் அடுத்த வேஷம் வரும் இடைவெளியில் வாசிக்கச் சொன்னால் போதும். கொடுத்தவருக்கும் பெருமை, அழுகிறவளுக்கும் மரியாதை.

படுகளம் பற்றித் தனியாக எழுத நிறைய இருக்கிறது. கூத்தை ஆட்டக் கலை என்று மட்டும் நினைப்பவர்கள் படுகளத்தன்று விடியற்காலையில் திடலுக்கு வந்து பார்க்க வேண்டும். இருட்டோடு மண் வெட்டிக் குவித்து, தண்ணீர் தெளித்து, மிதித்து, துரியோதனனை மல்லாந்து கிடக்கும் கோலத்தில் பிடித்து எழுப்புவார்கள். சில ஊர்களில் உருவம் 50 அடியைத் தாண்டும். முதலில் அது வெறும் மேடு. தோள் திரளும், கை நீளும், கையில் கதாயுதம் அமரும். கடைசியில் முகம். முகம் பிடிக்கும் வேலை எல்லோருக்கும் வராது. ஊருக்கு ஒருவரோ இருவரோ இருப்பார்கள். மண்ணைக் கையால் தடவித் தடவி மூக்கை எடுத்து, முறுக்கு மீசை வைத்து, வண்ணம் பூசி, கண்ணைத் திறந்ததும் சுற்றி நிற்கும் பிள்ளைகள் ஓரடி பின்வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தொடைக்குள் சிவப்பு நீர்க் கலயத்தைப் புதைத்து வைப்பதும் அவர்கள் வேலைதான். வேஷம் கட்டிய வீமனும் துரியோதனனும் அந்த மண் உடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடிப் போர் செய்து, கடைசியில் கதாயுதம் தொடையில் இறங்கும்போது சிவப்பு பீறிடும். அந்தச் சிவப்பைத் தொட்டு அம்மன் கூந்தல் முடிவாள். பொழுது சாய்வதற்குள் அத்தனை பெரிய சிற்பமும் மிதிபட்டு மண்ணோடு மண்ணாகிவிடும். பலர் அதிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போவார்கள். இவ்வளவு பெரிய உருவத்தை ஒரே காலையில் செய்து, ஒரே பகலில் விட்டுவிடும் சிற்பிகளின் பெயர் எத்தனை நோட்டீஸில் அச்சாகியிருக்கிறது? பந்தல், மைக் செட், பூ அலங்காரம் எல்லாருக்கும் நன்றி போடுகிறோம். இந்த ஆண்டு முகம் பிடிப்பவரின் பெயரையும் போடுங்கள். ஓர் இளைஞரை அவரோடு சேர்த்துவிடுங்கள்.

திடலையும் காப்பாற்றுங்கள். மனைப் பிரிவுகள் ஊரை நெருங்கிவிட்டன. ஆண்டில் ஒரு நாள்தானே என்று படுகளத் திடலில் ஒரு பக்கம் கட்டடம் எழும்பினால், அடுத்த ஆண்டு துரியோதனன் காலை மடக்கித்தான் படுக்க வேண்டும். அந்த நிலம் எந்தப் பெயரில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு உறுதி செய்துகொள்வது விழாக் குழுவின் வேலை.

ஜமாவுக்கு ஒரு நல்ல கொட்டகை, வெளிச்சம், தண்ணீர், கழிப்பிடம். வேஷங்கட்ட இரண்டு மூன்று மணி நேரம் தரையில் உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள். ஜமாவில் பெண் கலைஞர்கள் இருந்தால் அவர்களுக்குக் கதவுள்ள தனி அறை. பேசிய பணத்தை வேன் கிளம்பும் முன் முழுதாகக் கொடுத்துவிடுங்கள். இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2023இல் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், பட்டியல் சாதி மக்கள் உள்ளே வருவது தொடர்பான மோதலால் திரௌபதி அம்மன் கோயிலுக்கே அதிகாரிகள் பூட்டுப் போட்டு முத்திரை வைத்தார்கள். அவையில் தனக்கு நீதி கேட்டு நின்றவளின் கோயில் அது. உங்கள் ஊர்க் களரியில் எந்தத் தெருக்காரர் வந்தாலும் எந்த இடத்திலும் பாய் விரிக்கலாம் என்பதை நோட்டீஸிலேயே அச்சடியுங்கள். எல்லாத் தெருவிலும் வரி வாங்குங்கள், எல்லாத் தெருவுக்கும் சாமியைக் கொண்டு போங்கள். அது இல்லாமல் நான் மேலே கேட்டது எதுவும் நிறைவாகாது.

1977இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி, செய்யாற்றுப் பக்கத்துப் புரிசைக்குத் தேடிப்போய் கூத்து வாத்தியார் கண்ணப்பத் தம்பிரானின் கலையை மதித்துக் கொண்டாடினார். நவீன நாடகக்காரர்கள் இன்றும் நடிப்பைக் கற்றுக்கொள்ள அந்தக் கிராமத்துக்கு வருகிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது பயிற்சி. முழுக் கூத்து, அதன் சடங்கோடும் சபையோடும், உங்கள் ஊரில் மட்டுமே நடக்க முடியும். நகர மேடையில் இருபது நிமிடத் துண்டாக ஆடும்போது அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை; அங்கே அவ்வளவுதான் இடம். உங்களிடம் இரவு முழுதும் இருக்கிறது.

பணம் போதவில்லை என்றால் கட்அவுட்டையும் சீரியல் விளக்கையும் பாதியாகக் குறையுங்கள். இரவுகளைக் குறைத்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், எதை விடலாம் என்பதைக் குழுவுக்குள் முடிவு செய்யாதீர்கள். துகில், தபசு, பதினெட்டாம் போர் மூன்றையும் எக்காரணம் கொண்டும் விட வேண்டாம். மற்றவற்றைப் பற்றி, தாம்பூலத் தட்டோடு வாத்தியார் வீட்டுக்குப் போகும்போது பிரசங்கியாரையும் கூட அழைத்துச் சென்று இருவரிடமும் கேளுங்கள். இந்தக் கதைக்கு எத்தனை மணி நேரம் வேண்டும் என்று வாத்தியார் சொல்லட்டும். அந்த நேரத்தையே நோட்டீஸில் அச்சடியுங்கள்.

வணக்கத்துடன்,
ஒரு கூத்து ரசிகன்