ஹோமர் பாடிய பெண்கள்தான் அவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிரேக்கப் புராணங்களைப் பெண்களின் பார்வையில் மறுபடி சொல்லும் நாவல்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், ‘ஹோமர் பாடாத பெண்களை இன்றைய பெண்ணியம் காவியத்துக்குள் வலிந்து நுழைக்கிறது’ என்றொரு வரி இருந்தது. கட்டுரையாளருக்குத் தம் கருத்தைச் சொல்ல உரிமை உண்டு. ஆனால், மூலநூலைப் பிரித்துப் பார்த்தாலே நிற்காத ஒரு வரியைத் தாங்கள் அப்படியே அச்சேற்றியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பண்டைக் கிரேக்கக் கவி ஹோமரின் ‘ஒடிசி’ காவியத்தின் 22ஆம் காண்டம் தாங்கள் அறியாததன்று. போருக்குப் போய் நெடுங்காலம் திரும்பாத ஒடிசியஸின் மனைவி பெனலோபியை மணக்க வந்து கிடந்தவர்களோடு கூடினார்கள் என்று அரண்மனைப் பணிப்பெண்கள் 50 பேரில் 12 பேரைச் செவிலி காட்டிக்கொடுக்கிறாள். அந்தப் பெண்களைக் கொண்டே, திரும்பிவந்த ஒடிசியஸ் கொன்றுபோட்ட ஆண்களின் பிணங்களை வெளியே சுமக்கவைத்து, இரத்தம் படிந்த மேசை நாற்காலிகளைத் தண்ணீராலும் கடற்பஞ்சாலும் துடைக்கவைத்த பிறகு, வாளால் வெட்டு என்ற தந்தையின் சொல்லையும் மீறி, இவர்களுக்குத் தூய சாவு கூடாது என்று ஒடிசியஸின் மகன் டெலிமாக்கஸ் கப்பற்கயிற்றைத் தூணில் கட்டி அத்தனை பேரையும் வரிசையாகத் தூக்கிலிடுகிறான். அவர்களுடைய கால்கள் சற்றே துடித்தன, நெடுநேரம் இல்லை என்று பாடியவர் ஹோமரேதான். 2005இல் இதே கதையைப் ‘பெனலோபியட்’ என்ற நாவலாக எழுதிய கனடா எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் அந்தப் பன்னிருவரைப் புதிதாகப் படைக்கவில்லை, பேசவிட்டார்.

டிராய்ப் போரைப் பாடும் ஹோமரின் ‘இலியட்’டின் 19ஆம் காண்டத்தில், கணவனையும் உடன்பிறந்த மூவரையும் பறிகொடுத்து கிரேக்கரிடம் சிறைப்பட்ட பிரிசெயிஸ், போரில் இறந்த கிரேக்க வீரன் பட்ரோக்ளஸின் உடல்மீது விழுந்து ஒப்பாரி வைக்கிறாள். சுற்றி நின்ற சிறைப்பெண்கள் அவனைச் சாக்கிட்டுத் தத்தம் துயரத்துக்கே அழுதார்கள் என்கிறது காவியம். அவளுக்குக் கிடைத்த பேச்சு அந்த ஒன்றுதான். கி.மு. 415இல் டிராய் நகரப் பெண்களின் அழுகையையே முழு நாடகமாக்கி ஏதென்ஸில் மேடையேற்றிய கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸையும் பெண்ணியவாதி என்று தள்ளிவிடலாமா?

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பித்த காலமெல்லாம் நான் கண்டது இதைத்தான். தேர்வில் ஒடிசியஸின் மதிநுட்பம் வரும், பெனலோபியின் கற்பு வரும். அந்தப் பணிப்பெண்கள் ஏன் சாக வேண்டும் என்று ஒரு மாணவி வகுப்பில் கேட்டதை வினாத்தாளில் சேர்க்கலாம் என்றேன். கதைக்குத் தேவையற்றது என்று துறைத்தலைவர் அடித்துவிட்டார். இப்போது தங்கள் இதழிலும் அதே குரலைக் கேட்கிறேன். ஒடிசியஸை டப்ளின் தெருக்களில் நடக்கவிட்ட ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் 1922ஆம் ஆண்டு நாவலான ‘யுலிஸஸ்’ஸை மேதைமை என்று கொண்டாடியவரும் இதே கட்டுரையாளர்தான்; அன்று அவருக்கு ஹோமரின் தூய்மை நினைவுக்கு வரவில்லை. பெண்கள் எழுதிய காவிய மறுவாசிப்புகளுக்கோ தங்கள் நூல் மதிப்புரைப் பக்கத்தில் என்றுமே இடமிருந்ததில்லை. ஆண்டுக்கொருமுறை வரும் மகளிர் சிறப்பிதழில், சமையற்குறிப்புக்கு அடுத்த பக்கத்தில் அவற்றைத் தேடிப் படித்து வந்திருக்கிறேன்.

அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறும், இத்தகைய நூல்களுக்கான மதிப்புரைகளை இனி நூல் மதிப்புரைப் பக்கத்திலேயே வெளியிடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை,
மதுரை.