ஐயாயிரம் ரூபாய் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில மாதங்களுக்கு முன் எங்கள் தெருக்காரர் ஒருவர், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் தம் மகளின் முகத்தை வேறோர் உடலோடு ஒட்டி யாரோ பரப்பிய படம் தமக்கே வந்துசேர, கைபேசியைத் துண்டில் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "இதை அழிச்சிடலாமா சார், இல்ல வச்சிருக்கணுமா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. காவல் நிலையத்தில் இருவரிடம் கேட்டோம். இரண்டு விதமாகப் பதில் கிடைத்தது.

கணினியில் உருவாக்கிய, மாற்றியமைத்த படங்களையும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2019 திருத்தத்திலேயே குழந்தை ஆபாசப்படம் என்னும் வரையறைக்குள் கொண்டுவந்துவிட்டது. ஆகவே சட்டம் தொழில்நுட்பத்துக்குப் பின்தங்கிவிட்டது என்று பொதுவாகச் சொல்வதில் பொருளில்லை. குறை தண்டனையில் இருக்கிறது. இத்தகைய படத்தைப் பகிரும் நோக்கத்தோடு அழிக்காமலும் புகார் தராமலும் வைத்திருப்பவருக்கு, 15-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு விதிப்பது குறைந்தது 5,000 ரூபாய் அபராதம். மறுபடியும் செய்தால் குறைந்தது 10,000. அந்த உட்பிரிவில் சிறைத்தண்டனை இல்லை. உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டிப் பிடிபட்டாலும் அபராதம் அதே 5,000 ரூபாய்தான்.

இத்தகைய படத்தைப் பதிவிறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2024 செப்டம்பர் 23 அன்று ரத்து செய்த உச்ச நீதிமன்றம், சட்டத்தில் உள்ள 'குழந்தை ஆபாசப்படம்' என்னும் பொருள்படும் சொல்லையே நீக்கி, குழந்தையைப் பாலியல் ரீதியாகச் சுரண்டித் துன்புறுத்தும் பதிவு என்று குறிப்பிடும் வகையில் திருத்தம் கொண்டுவருமாறு நாடாளுமன்றத்துக்குப் பரிந்துரைத்தது. அப்படம் ஒவ்வொன்றும் ஒரு குற்றத்தின் தடயம் என்பதை அந்தப் பழைய சொல் மறைத்துவிடுகிறது. (பத்திரிகைகளும் இதைக் கவனிக்கலாம்.)

சொல்லோடு சேர்த்து முதல் உட்பிரிவின் தண்டனையும் திருத்தப்பட வேண்டும். படம் வந்துசேர்ந்தவர் காவல் துறைக்கோ இணையக்குற்றப் புகார் தளத்துக்கோ தெரிவிக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகள் கூறுகின்றன. புகார் தந்த பெற்றோர் அந்தப் படத்தை எவ்வளவு காலம், யாரிடம் ஒப்படைக்கும்வரை வைத்திருக்கலாம் என்பதையும் அதே விதிகளில் தெளிவாக எழுதி, ஒவ்வொரு காவல் நிலையத்திலும் தமிழில் ஒட்டிவைக்க உள்துறை உத்தரவிட வேண்டும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
திண்டிவனம்.