கருநீலப் பட்டுச் சேலை கட்டியிருந்த அக்காவுக்கும், என் காலைக் காப்பாற்றிய மற்றவர்களுக்கும்

வணக்கம். நான் வீரவநல்லூரில் கல்யாணச் சமையல் செய்கிறவன். எங்கள் பக்கத்துப் பேச்சில் தவசுப்பிள்ளை. 26 வருஷமாக அடுப்பு முன்னால் நிற்கிறேன். இந்த மடலைப் போன வருஷமே எழுதியிருக்க வேண்டும். காலில் வெரிகோஸால் வந்த புண் திரும்ப வராமல் ஒரு முழு முகூர்த்த சீசன் தாண்டட்டும், அப்புறம் சொன்னால்தான் அது முழு நன்றியாக இருக்கும் என்று காத்திருந்தேன். இப்போது தாண்டிவிட்டது.

முதல் நன்றி, பெயர் தெரியாத ஒரு அக்காவுக்கு. 2024 தை மாதம், அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணம் முடிந்து மறுவீட்டுச் சாப்பாடு. மறுவீடு என்றால் எங்கள் பக்கம் சொதி என்கிற தேங்காய்ப்பால் குழம்பு இல்லாமல் நடக்காது. சொதி வைக்கிறவர்களுக்குத் தெரியும், மூன்றாம் பாலில் காய் வெந்து, இரண்டாம் பாலும் பாசிப்பருப்பும் சேர்ந்து, கடைசியில் முதல் பால் ஊற்றின பிறகு அண்டாவை விட்டு ஒரு அடி நகர முடியாது, ஒரு கொதி கூடினாலும் பால் திரிந்துவிடும். பந்தியில் ஆட்கள் உட்கார்ந்து சொதிக்குக் காத்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து வலது பாதத்தில் வெதுவெதுப்பாக ஏதோ வழிந்தது. பாத்திரம் கழுவின தண்ணீர்தான் என்று நினைத்து நான் கிண்டிக்கொண்டே இருந்தேன். கை ஆள் பையன் கத்தின பிறகு குனிந்து பார்த்தால், கணுக்காலுக்கு மேலே, பழைய புண்ணுக்குப் பக்கத்தில் புடைத்திருந்த ஒரு குமிழிலிருந்து நூல் மாதிரி ரத்தம் பீச்சிக்கொண்டிருக்கிறது. வலி கொஞ்சங்கூட இல்லை. அடுப்படித் தரை முழுக்கச் சிவப்பு.

பையன்கள் துண்டை எடுத்து முட்டிக்கு மேலே இறுக்கிக் கட்டினார்கள். கட்டக் கட்ட ரத்தம் கூடியது. ஒருத்தன் காபித்தூளை அள்ளிக்கொண்டு ஓடி வந்தான். அப்போதுதான் பந்திப் பக்கமிருந்து அந்த அக்கா வந்தார்கள். கருநீலப் பட்டு, அரக்கு பார்டர், கையில் சாப்பிட்ட ஈரம். "மொதல்ல கட்ட அவுருங்க, அண்ணாச்சியக் கீழ படுக்க வைங்க" என்று ஒரே அதட்டல். ஜமுக்காளம் விரிக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை. ஈரத் தரையிலேயே என்னைப் படுக்கவைத்து, காலைத் தூக்கி அரிசி மூட்டை மேல் வைத்து, துவைத்த வேட்டி ஒன்றை நாலாக மடித்து ரத்தம் வந்த இடத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி, அந்தப் பட்டுச் சேலையோடு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நின்றுவிட்டதா என்று துணியை எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது என்று பையன்களுக்கும் சொல்லிக்கொண்டே பத்து நிமிஷம். ரத்தம் நின்றது. "இது கீழ இருந்து மேல போற ரத்தம் அண்ணாச்சி. மேல இறுக்கிக் கட்டுனா போக வழியில்லாம இது வழியாத்தான் வரும். காலத் தூக்குனாலே பாதி நின்னுரும்" என்று சொன்னார்கள். ஆட்டோ வந்ததும் காலை உயர்த்தியே வைத்து ஏற்றிவிட்டார்கள். நர்ஸ் என்று மட்டும் யாரோ சொன்னது காதில் விழுந்தது. மாப்பிள்ளை வீட்டு வழியில் தென்காசிப் பக்கமிருந்து வந்தவர்கள் என்பது வரைக்கும் விசாரித்துவிட்டேன், அதற்கு மேல் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. இதை எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதுவதற்கு முதல் காரணம் அதுதான்.

அந்தக் குமிழ் ஒரு நாளில் வந்தது இல்லை. 35 வயசிலேயே வலது கெண்டைக்காலில் மண்புழு சுருண்ட மாதிரி புடைக்க ஆரம்பித்தது. சாயங்காலம் ஆனால் கால் கனக்கும், கணுக்கால் வீங்கும், ராத்திரி கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். எல்லாரும் நரம்பு சுருட்டல் என்றார்கள். நரம்பு என்றதும் நான் தேடிப் போனது நரம்பு டாக்டரை. அங்கே சத்து ஊசியும் மாத்திரையுமாக இரண்டு வருஷம் போயிற்று. அப்புறம் ஒரு இடத்தில் எண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிட்டார்கள். நம் பேச்சில் உணர்ச்சி கடத்துகிற நரம்பும் நரம்புதான், ரத்தம் ஓடுகிற குழாயும் நரம்புதான். இந்த ஒரு சொல்லால் எத்தனை பேர் தப்பான வாசலில் போய் நிற்கிறார்களோ தெரியவில்லை. நரம்பு சுருட்டல் என்கிற இந்த வெரிகோஸ் ரத்தக்குழாய் சம்பந்தப்பட்டது, அதைச் சிரை என்பார்கள். பார்க்க வேண்டியது அறுவைச் சிகிச்சைப் பிரிவில், ரத்தநாள டாக்டர் இருந்தால் அவரிடம்.

இரண்டாவது நன்றி, மக்களைத் தேடி மருத்துவத்தில் வேலை பார்க்கிற தங்கச்சிக்கு. 2021இல் அந்தத் திட்டம் வந்த பிறகு எங்கள் அம்மைக்குப் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறது அந்தப் பிள்ளை. ஒரு நாள் திண்ணையில் நான் புண்ணுக்கு மஞ்சள் அப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டது. உடனே சுகர் பார்த்தது, சுகர் இல்லை. "அண்ணே, கணுக்கால சுத்திக் கறுத்துப் போயிருக்கு பாருங்க, இது ரத்தம் தேங்கி வந்த புண்ணு. நீங்க மேல என்ன போட்டாலும் ஆறாது, ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொன்னது. சரி சரி என்றேன், போகவில்லை. மாசா மாசம் வந்து கேட்டது, ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. அதற்குள் 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் வந்தது. சாப்பாடு இல்லாமல் சனங்கள் மண்டபத்தில் கிடக்கும்போது எனக்கு வீட்டில் உட்கார மனசு வரவில்லை, மூன்று நாள் ராப்பகலாகச் சாம்பார் சாதம் கிண்டினேன். அதற்காக வருத்தப்படவில்லை. ஆனால் ஒரு ரூபாய்க் காசு அளவில் இருந்த புண் அந்த மூன்று நாளில் உள்ளங்கை அளவுக்குப் போய்விட்டது.

ரத்தம் வந்த மறுநாள்தான் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே என்னைப் பார்த்த இளம் டாக்டர், மேல்படிப்பு படிக்கிறவர், அவ்வளவு கூட்டத்திலும் எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். ஊரில் கிணறு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். மோட்டார் குழாயின் அடியில் ஃபுட் வால்வு எதற்கு என்றார். ஏறின தண்ணீர் திரும்பக் கிணற்றில் இறங்காமல் இருக்க என்றேன். "காலில் இருக்கிற சிரைக்குள்ளேயும் வழி நெடுக அந்த மாதிரி வால்வு இருக்கு. கெண்டைக்கால் சதைதான் மோட்டார். நடக்கும்போது அது இறுகி ரத்தத்தை மேலே தள்ளும், வால்வு அதைக் கீழே விடாது. உங்களுக்குத் தொடையிடுக்கில் இருந்தே வால்வு கெட்டுப்போச்சு" என்றார். அசையாமல் நிற்கும்போது கணுக்காலில் சிரையின் அழுத்தம் பிரஷர் பார்க்கிற கணக்கில் 90 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்குமாம், நல்ல காலாக இருந்தால் நடக்க ஆரம்பித்ததும் 30 பக்கம் இறங்கிவிடுமாம். என் காலில் இறங்கவே இறங்காது. அடுப்பு முன்னால் 12 மணி நேரம் ஒரே இடத்தில், அதுவும் சூட்டில் குழாய் இன்னும் விரிந்து. கேட்கக் கேட்க எனக்கு ஒவ்வொரு முகூர்த்தமாக ஞாபகம் வந்தது. ரத்த ஓட்டம் பார்க்கிற டாப்ளர் ஸ்கேனையும் நிற்க வைத்துத்தான் எடுத்தார்கள், படுத்தால் ரத்தம் திரும்பி இறங்குவது சரியாகத் தெரியாதாம். காலில் அழுத்தக் கட்டுப் போடுவதற்கு முன்னால் பாதத்தில் நாடி பார்த்தார். ரத்தம் கீழே வருகிற தமனியில் அடைப்பு உள்ளவர்களுக்கு இறுக்கிக் கட்டினால் பாதமே கெட்டுவிடும் என்று சொன்னார். யாரும் தாங்களாகவே அழுத்தக் கட்டோ காலுறையோ கடையில் வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

ஆபரேஷன் என்றதும் நான் ஆடிக்குத் தள்ளிப்போடலாமா என்று கேட்டேன். ஆடியில் கல்யாணம் கிடையாது, எங்களுக்கு வேலையும் இல்லை. அவர் கோபப்படவில்லை. இங்கிலாந்தில் இந்த மாதிரிப் புண் உள்ள 450 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் வந்திருக்கிறது, கட்டுப் போடும்போதே சீக்கிரமாகக் கெட்ட சிரையையும் அடைத்துவிட்டவர்களில் பாதிப்பேருக்கு 56 நாளில் புண் ஆறிவிட்டது, தள்ளிப்போட்டவர்களுக்கு அதே அளவு ஆற 82 நாள் ஆனது என்று சொன்னார். அவர்களுக்குச் செய்தது லேசர் மாதிரி சூட்டாலோ, நுரை மருந்து ஊசியாலோ குழாயை உள்ளேயே மூடுவது. எனக்குக் குழாய் ரொம்ப விரிந்து கோணியிருந்ததால் தொடையிடுக்கில் அதைக் கட்டிவிட்டு, முட்டி வரைக்கும் உருவி எடுக்கிற பழைய முறைதான் சரி என்று பெரிய டாக்டர் முடிவு செய்தார்.

எனக்கு இருந்த பயம், நரம்பை எடுத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்பது. அதைப் போக்கினது எதிர்வீட்டு அண்ணாச்சி. ரிட்டயர்டு வாத்தியார். நான் புலம்புவதைக் கேட்டு, பேசாமல் வேட்டியை முட்டிக்கு மேலே தூக்கிக் காட்டினார். கணுக்காலில் இருந்து முட்டி வரைக்கும் வெள்ளையாக ஒரு தழும்புக் கோடு. "பைபாஸ் பண்ணும்போது இங்க இருந்து எடுத்த குழாய்தாம்டே இப்ப என் நெஞ்சுக்குள்ள ஓடுது. இந்தக் காலோடதான் தெனமும் ஆத்துக்குக் குளிக்கப் போறேன்." எனக்கு எடுக்கப்போவதும் அதே குழாய்தான். காலின் ரத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு சதைக்கு உள்ளே இருக்கிற ஆழமான சிரை வழியாகத்தான் போகிறது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அண்ணாச்சியின் தழும்பைப் பார்த்த பிறகுதான் அது மனசில் ஏறியது. மாசி கடைசியில் ஆபரேஷன் நடந்தது. முதுகில் ஊசி போட்டார்கள், மறுநாளே நடக்கவிட்டார்கள்.

டிரெஸ்ஸிங் அறை சிஸ்டருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. புண் நாற்றம் எனக்கே தாங்காது. அவர்கள் மாஸ்க்கைச் சரி செய்துகொண்டு, உப்புத் தண்ணீரில் கழுவி, கால் விரல் அடியில் தொடங்கி முட்டிக்குக் கீழே வரைக்கும், கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப்போகக் கொஞ்சம் தளர்வாகவும், ஒரு சுற்று முந்தின சுற்றின் மேல் பாதி ஏறுகிற மாதிரி கட்டுவார்கள். ஒரு சுற்று கோணினாலும் அவிழ்த்துத் திரும்பக் கட்டுவார்கள். என் வீட்டுக்காரியை அருகில் உட்காரவைத்து, அவள் கையால் மூன்று தடவை கட்டவைத்துப் பார்த்தார்கள். புண் நடுவில் ரோஸ் நிறத்தில் புதுத் தோல் முளைத்ததை முதலில் பார்த்ததும் அவர்கள்தான், "ஏய், இங்க பாரு" என்று பக்கத்து சிஸ்டரையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். சித்திரை கடைசியில் முழுசாக ஆறிவிட்டது.

புண் ஆறினாலும் காலுறை விடக் கூடாது. முட்டி வரைக்குமான அழுத்தக் காலுறை, காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே போட வேண்டும், இறங்கி நடந்துவிட்டால் வீக்கம் வந்துவிடும். எங்கள் ஊர் வெயிலில் அது லேசான காரியம் இல்லை, சித்திரையில் கழற்றி எறியலாம் போல இருக்கும். என் வீட்டுக்காரி ஒரு வழக்கம் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். வழுவழுப்பான கேரி பேக்கைப் பாதத்தில் மாட்டி, அதற்கு மேல் காலுறையை ஏற்றிவிட்டு, விரல் பக்கம் திறப்பு வழியாகப் பையை உருவிவிடுவாள். ஒரு நாள் தவறினதில்லை. அவளுக்கு நன்றி என்று எழுதினால் கோபப்படுவாள், இருந்தாலும் எழுதுகிறேன்.

எங்கள் செட்டுப் பையன்களுக்கும். நான் படுத்திருந்த மூன்று மாசமும் அவர்கள் ஒத்துக்கொண்ட ஒரு வேலையைக்கூட விடவில்லை, என் பங்கைக் கொண்டுவந்து வீட்டில் கொடுத்தார்கள். இப்போது எந்த மண்டபத்துக்குப் போனாலும் சாமான் லிஸ்டோடு ஒரு உயர ஸ்டூலும் வண்டியில் ஏறுகிறது. காய் நறுக்கு, சாமான் அளப்பு எல்லாம் உட்கார்ந்து. அடுப்பு முன்னால் நிற்கிற நேரத்தில் அரை மணிக்கு ஒரு தடவை நடந்துவிட்டு வா என்று விரட்டுகிறார்கள், இல்லையென்றால் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொல்கிறார்கள். செட்டில் இன்னும் இரண்டு பேருக்குக் காலில் புடைப்பு தெரிகிறது. இரண்டு பேரையும் நானே ஹைகிரவுண்டுக்குக் கூட்டிப்போய்விட்டேன். ஜவுளிக் கடையில் நிற்கிற என் தங்கச்சிக்கும் சொல்லியிருக்கிறேன். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021இல் நம் மாநிலத்திலேயே சட்டம் வந்திருக்கிறது. கேட்டு வாங்குங்கள், கால் போனால் யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

ஒன்று மட்டும் டாக்டர் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் வலித்துச் சூடாக இருந்தால், வெரிகோஸ்தானே என்று வீட்டில் இருக்க வேண்டாம், உள் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கூடவே மூச்சுத் திணறினால் ஒரு நிமிஷமும் தாமதிக்க வேண்டாம்.

அக்கா, அன்றைக்குச் சொதி திரியவில்லை. பையன் சரியான பதத்தில் இறக்கிவிட்டான். ஆனால் நீங்கள் சொதி ஊற்றுவதற்கு முன்பே இலையை விட்டு எழுந்து வந்தீர்கள் என்றும், திரும்பிப் போய் உட்காரவில்லை என்றும் அப்புறம் சொன்னார்கள். உங்கள் முந்தானையில் ரத்தம் பட்டிருந்ததை நான் ஆட்டோவில் இருந்து பார்த்தேன். தென்காசிப் பக்கத்துக்காரர்கள் யாராவது இந்த அடையாளத்தை வைத்து உங்களுக்குச் சொன்னால், வீரவநல்லூருக்கு ஒரு நாள் வாருங்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கித் தவசுப்பிள்ளை வீடு என்று கேட்டால் போதும். மூன்று பாலும் பிழிந்து சொதி வைக்கிறேன், இஞ்சித் துவையலோடு.