கொழுப்புக் கல்லீரல் என்றால் சிறுநீரையும் பாருங்கள்

தமிழ்நாடு பொது சுகாதாரத் துறை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது முதல் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அந்த நோயாளிகளில் பலரது ஸ்கேன் அறிக்கையில் 'கொழுப்புக் கல்லீரல், கிரேடு 1' என்றொரு வரி இருக்கும். 'எண்ணெயைக் குறைங்க' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த வரியைக் கண்டதுமே சிறுநீரகத்தையும் சோதிக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

கொழுப்பேறிய கல்லீரல் இன்சுலினுக்குப் பணியாமல் குளுக்கோஸையும் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பையும் ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். கூடவே அழற்சிப் பொருட்களும் சேர்ந்து சிறுநீரக வடிகட்டிகளைப் புண்ணாக்குகின்றன. கல்லீரலில் தழும்பு கூடக்கூட இந்த ஆபத்தும் கூடும்.

கிரேடு கொழுப்பின் அளவைத்தான் சொல்லும், தழும்பைச் சொல்லாது. தழும்பைக் கணிக்க ஃபிப்-4 என்ற கணக்கு போதும்: வயதை எஸ்ஜிஓடியால் (எஸ்ஜிபிடி போலவே ரத்தத்தில் பார்க்கும் கல்லீரல் நொதி) பெருக்கி, பிளேட்லெட்டையும் எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தையும் பெருக்கிய தொகையால் வகுக்க வேண்டும். வயது 58, எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 36, பிளேட்லெட் 1.6 லட்சம் என்றால் 2784-ஐ 960-ஆல் வகுக்க, 2.9. (1.6 லட்சத்தை 160 என்று போட வேண்டும், 1.6 என்றே போட்டால் விடை நூறு மடங்காகிவிடும்.) 1.3-க்குக் கீழே என்றால் கவலை குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த வரம்பு 2. 2.67-க்கு மேலே போனால் கல்லீரல் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். மேற்சொன்னவரின் எஸ்ஜிபிடி 36 'நார்மல்' என்றே அச்சாகியிருக்கும்!

சிறுநீரகத்துக்கு ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவைப் பார்ப்பது மட்டும் போதாது. கல்லீரல் கெட்டு, தசையும் கரைந்தவருக்கு அது குறைவாகவே காட்டி ஏமாற்றும். சிறுநீரில் தோய்க்கும் சாதாரண டிப்ஸ்டிக் பட்டையும் அல்புமின் என்ற புரதத்தின் தொடக்கக் கசிவைத் தவறவிடும். எனவே ஆண்டுக்கொரு முறை சிறுநீர் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் பார்க்க வேண்டும். கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய் நாட்களில் அளவு பொய்யாக ஏறும். ஆறு மாதத்துக்குள் மூன்றில் இரண்டு மாதிரிகளில் ஏறியிருந்தால்தான் உறுதி.

கசிவு உறுதியானவர்களுக்கு, சிறுநீரகத்தையும் காக்கும் சர்க்கரை மாத்திரையான டபாக்லிஃப்ளோசின் 10 மி.கி. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தடையின்றிக் கிடைக்க வேண்டும். வாந்தி, பேதி, பட்டினி நாட்களில் அதை நிறுத்தி வைக்கச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய டைக்ளோஃபெனாக் வலி மாத்திரையைப் பற்றியும் செவிலியர் அப்போதே கேட்டுவிடலாம்.

நடுவண் அரசு 2021 பிப்ரவரியிலேயே கொழுப்புக் கல்லீரலைத் தொற்றா நோய்த் திட்டத்தில் சேர்த்துவிட்டது. நோயாளியின் குறிப்பேட்டில் இன்னும் இரண்டு கட்டங்கள் அச்சிட்டால் போதும்: ஒன்று ஃபிப்-4-க்கு, மற்றொன்று அல்புமின் விகிதத்துக்கு.

இப்படிக்கு,
சர்க்கரை நோய், சிறுநீரக மருத்துவர்கள் சிலர்