எஞ்சினுக்கு முன் பிரேக்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் வாசகர் ஒருவர், பழைய கார்களுக்குப் புது எஞ்சின் பூட்டி ஓடும் இளைஞர்களைக் கண்டித்து எழுதியிருந்தார். நிலாவெளி வீதியில் ஒரு பழைய ஒஸ்ரின் தன் சைக்கிளை உரசுவதுபோல் முந்திப் போனதாம். அவருடைய பயம் நியாயமானது. ஆனால் இப்படியான கார்களையே தெருவில் விடக்கூடாது என்று முடித்திருந்தாரே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. நானும் அதே வேலையைச் செய்தவன். எனக்கு இப்போது அறுபத்தெட்டு வயது.

என்னிடம் இருப்பது 1954ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். முன்கண்ணாடி நடுவில் பிரிந்த மொடல். திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து சின்னக் கை ஒன்று வெளியே நீட்டும். இலக்கத்தகடு ஈ.என். என்று தொடங்கும். ‘ஸ்ரீ’ தகடு வருவதற்கு முன், சிலோன் என்பதன் ஆங்கில எழுத்துகளில் இரண்டைப் பொறுக்கி வைத்த காலத்தது. அப்பா இங்கே திருகோணமலை டொக்யார்ட்டில், கப்பல் திருத்தும் தளத்தில், பிற்றராக இருந்தவர். 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் புறப்பட்ட நாள்களில், ஊர்விட்டுப் போகிற ஒருவரிடம் அதை வாங்கினார். 1990இல் நாங்கள் உப்புவெளியை விட்டு ஓடியபோது கார் மாமரத்தின் கீழ் நின்றது. திரும்பி வந்தபோதும் அங்கேயேதான் நின்றது. சில்லு இல்லை, கதவு இல்லை, எஞ்சின் இல்லை.

பழையதைப் பழையதாகவே வைத்திருக்க வேண்டும் என்று சொல்பவர்களை நான் மதிக்கிறேன். எஞ்சின் இருந்திருந்தால் நானும் மாற்றியிருக்க மாட்டேன். 803 சிசி எஞ்சின் ஒன்றுக்காக மூன்று வருடம் அலைந்தேன். கடைசியில் கொழும்பில், பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில், டட்சன் சனி ஒன்றிலிருந்து கழற்றிய ஏ12 எஞ்சினைக் கியர்பொக்ஸோடு வாங்கி வந்தேன். 1171 சிசி. மொறிஸின் பழைய எஞ்சினுக்கு 30 குதிரைவலு. இதற்கு அதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. உடம்பை எங்கும் வெட்டவில்லை. எஞ்சின் தாங்கிகளை ஆணியில் பூட்டுகிற மாதிரித்தான் செய்வித்தேன். நாளைக்குச் சொந்த எஞ்சின் கிடைத்தால் ஒரே நாளில் திரும்ப ஏற்றலாம்.

முதல் ஓட்டம் எவ்வளவு சந்தோஷம்! உவர்மலைக்கு நாலாம் கியரிலேயே ஏறிவிட்டேன். பக்கத்தில் என் மகள். இறங்கும்போது பிரேக்கை மிதித்தேன். பெடல் தரைவரை போனது. மறுபடி மிதித்தேன். ஒன்றுமில்லை.

அந்தக் காரில் நாலு சில்லுக்கும் ஒரே எண்ணெய்வழி. எங்காவது ஓரிடத்தில் கசிந்தால் நாலும் போய்விடும். கைபிரேக் மட்டும் தனிக் கம்பியில் பின்சில்லுக்குப் போகிறது. இரண்டாம் கியருக்கு இறக்கி, கைபிரேக்கை இழுத்து, ஒரு மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினேன். மகளுக்கு நெற்றியில் சின்னக் காயம். தெருவில் யாரும் வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதும் தகுதி எனக்கு இருந்திராது.

காரணம் மாஸ்ரர் சிலிண்டர், பெடலை மிதித்ததும் பிரேக் எண்ணெயைச் சில்லுகளுக்குத் தள்ளுகிற உருளை. மைனரில் அது சாரதியின் காலடியில், தரைத்தகட்டுக்குக் கீழே, செசி உத்தரத்துக்குள் ஒளிந்திருக்கும். அதை வெளியே எடுக்க வேண்டுமானால் முன்சில்லைத் தாங்குகிற முறுக்குக் கம்பியையும் விலக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க மல்லாந்து படுத்துச் செய்கிற வேலை. கார் நிற்கும்போது பிரேக் இறுக்கமாகத்தானே இருக்கிறது என்று அதைத் தொடாமல் விட்டேன். பிறகு கழற்றிப் பார்த்தால், முன்பு எவரோ பிரேக் எண்ணெய்க்குப் பதிலாகக் கனிய எண்ணெய் ஊற்றியிருந்தது தெரிந்தது. உள்ளே இருந்த றப்பர் ஊதிக் குழைந்துபோயிருந்தது. எஞ்சினுக்கு எட்டு மாதம் செலவழித்தவன், பிரேக்குக்கு ஒரு நாள் செலவழிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காகத் தொடங்கினேன். முன்சில்லுகளுக்கு, பின்னாளில் வந்த 1098 சிசி மைனரின் எட்டு அங்குல பிரேக் டிரம். என்னுடையதில் இருந்தது ஏழு அங்குலம். எல்லாக் குழாயும் புதிது. அடுத்தது முன்சில்லு திரும்புகிற கீழ்ச்சுரை, ஆங்கிலத்தில் ட்ரனியன் என்பார்கள். மைனர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை வாசிக்கவும்: அந்தச் சுரையின் புரி தேய்ந்தால் ஓடும்போதே சில்லு மடிந்து விழும். ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை நான் கிறீஸ் அடிக்கிறேன். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் புரி எதிரெதிர்; மாற்றிப் பூட்டிவிடாதீர்கள். எஞ்சினின் சுழற்சியைப் பின்சில்லுகளுக்குக் கொடுக்கிற டிஃபரன்ஷியலையும் மாற்றினேன். பழையதில் கடைசிக் கியரிலும் சில்லு ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் ஐந்தேகால் சுற்றுக்கு மேல் சுற்றவேண்டும், 1098இன் டிஃபரன்ஷியலில் நாலேகால் போதும். மின்சாரமும் கவனம். மொறிஸில் பற்றரியின் நேர்முனை உடம்போடு இணைந்திருக்கும், டட்சனில் எதிர்முனை. பார்க்காமல் தொடுத்தால், மின்சாரம் பிறப்பிக்கிற அல்ரனேற்றர் அந்த நிமிடமே கருகும்.

எஞ்சின் இலக்கம் மாறியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்துதான் தெருவுக்கு எடுத்தேன். இதையும் இளைஞர்கள் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவில் இப்படிக் கட்டும் காரை ஹொட் றொட் என்பார்கள். அங்கேயும் தொடக்கியது காசில்லாத பையன்கள்தான். 1930களில் கலிபோர்னியாவின் முறொக் என்ற வறண்ட ஏரிப்படுக்கையில், பழைய போர்ட் மொடல் டீ, மொடல் ஏ கார்களின் மட்காட்டைக் கழற்றிப் பாரத்தைக் குறைத்து ஓட்டினார்கள். 1932இல் போர்ட் நிறுவனம் 65 குதிரைவலு கொண்ட வீ8 எஞ்சினைக் கொண்டுவந்ததும் அதற்கு மாறினார்கள். எனக்கு அவர்களிடம் பிடித்தது வேறு. போர்ட் கார்களில் 1939ஆம் ஆண்டு மொடலுக்கு முன் எண்ணெய் பிரேக் கிடையாது, கம்பி பிரேக்தான். எண்ணெய் பிரேக் வந்ததும் அதைக் கழற்றித் தங்கள் பழைய கார்களுக்குப் பூட்டினார்கள். 1937இல் கழகங்கள் ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்து, வேகத்தை ஒழுங்காக அளக்கத் தொடங்கின. 1948இல் அவர்களுக்கென்றே ஒரு மாத இதழ் வந்தது. ஒருவன் கண்டுபிடித்தது மற்றவனுக்கும் போய்ச் சேர்ந்தது.

நம்மவர்கள் கெட்டிக்காரத்தனத்தில் எந்த வகையில் குறைந்தவர்கள்? பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மொறிஸும் ஒஸ்ரினும் எதில் ஓடின? மண்ணெண்ணெயில். ஒரு சொட்டுப் பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்த எஞ்சின்களில் அமுக்கம் குறைவு என்பதால் அது தாங்கியது. எந்தக் கார்பரேற்றரில் என்ன மாற்றம் செய்தார்கள், பிளக் எத்தனை நாளுக்கு ஒருமுறை கரிபிடித்தது, எஞ்சின் எண்ணெய் எவ்வளவு கெதியில் கெட்டது என்பதெல்லாம் செய்தவர்களின் தலைக்குள்தான் இருக்கிறது.

பாலையூற்றில் அப்பாவின் கூட்டாளி ஒருவர் இருந்தார். மிகப் பழைய எஞ்சின்களுக்கு வெள்ளை உலோகம் உருக்கிப் பெயரிங் வார்ப்பவர். உருகிய உலோகத்தில் காய்ந்த ஈர்க்கைத் தொட்டு, அது கருகும் நிறத்தைப் பார்த்தே பதம் சொல்வார். எந்த நிறம் என்று நான் கேட்டபோது “பார்த்துப் பழகு தம்பி” என்றார். பழகுவதற்குள் அவர் போய்விட்டார். தொழிலைக் கையோடு வைத்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்தால் நாங்கள் இழந்தது கொஞ்சமல்ல.

ஆகவே ஆசிரியரிடம் ஒரு கோரிக்கை. மாதம் ஒருமுறையாவது கால் பக்கம் ஒதுக்கித் தாருங்கள். பழைய வாகனம் வைத்திருப்பவர்கள், கராஜில் தலைநரைத்தவர்கள், தாங்கள் செய்து பார்த்ததை எழுதட்டும். சரிவந்ததை மட்டுமல்லாமல் பிழையாய்ப் போனதையும் எழுதட்டும். கடற்காற்றில் தரைத்தகடு எங்கே முதலில் துருப்பிடிக்கிறது, எந்த றப்பரை எங்கே வாங்கலாம் என்பவைகூடப் பெரிய உதவி. எழுத வராதவர்கள் சொன்னால் நான் எழுதித் தருகிறேன். என் முகவரி உங்களிடம் இருக்கிறது.

கண்டித்து எழுதிய வாசகருக்கும் ஒரு செய்தி. போன ஞாயிறு இரண்டு பையன்கள் ஒரு ஒஸ்ரின் ஏ40 காரோடு என் வாசலுக்கு வந்தார்கள். நிலாவெளி வீதியில் சைக்கிளில் போன ஒருவரைப் பயப்படுத்திவிட்டோம் ஐயா, அவர் பேப்பரிலும் எழுதிவிட்டார் என்று தாங்களாகவே சொன்னார்கள். டிரம்மைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே உரசிப் பிடிக்கிற லைனிங் தேய்ந்து ஆணி தெரிந்தது. கார் இப்போது என் முற்றத்தில், அதே மாமரத்தின் கீழ், நாலு மரக்குற்றியில் நிற்கிறது. பிரேக் வேலை முடியும்வரை சில்லு என் அறைக்குள், திறப்பு என் சட்டைப்பையில். உங்களிடம் வந்து மன்னிப்புக் கேட்க அவர்கள் ஆயத்தம். ஞாயிறு காலையில் வந்தால் மூவரும் வீட்டில் இருப்போம்.

இப்படிக்கு,
மொறிஸ் மைனர்க்காரர்,
உப்புவெளி, திருகோணமலை.